கல்லு படாத கத்தி

தம்பி, அந்தக் கத்திய மடக்கிராதிய. கொய்யாப்பழத்த வெட்டி முடிச்சதும் இப்படித் தாங்க, ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தாறேன். பயப்படாண்டாம். கத்தியக் கண்டா எடுத்துப் பாக்காம இருக்க முடியாது, அது எனக்கு ஒரு சீக்கு. ம். ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல வாங்குனதா? இந்தக் கீறல் கம்பெனிக்காரன் போட்டது இல்ல, நீங்க தேச்சது. சிமெண்டுத் தரையில தேச்சிருக்கிய. தேச்சும் ரொம்ப நாளாகல, கீறலுக்குள்ள துரு இன்னும் எறங்கல பாருங்க. சரிதானா? சிரிக்கிய. அப்ப சரிதான்.

இந்தா, வச்சுக்கிடுங்க. பழம் வேண்டாம் தம்பி, பல்லு ஒத்துக்கிடாது.

என் பேரு கஸ்பார் கொரேரா. தூத்துக்குடியில எங்க தெருவுக்கு வந்து கத்தி கஸ்பார் வீடு எதுன்னு கேட்டா பால்காரன் கூடக் காட்டுவான். ரவுடின்னு நெனச்சிராதிய. சரக்குக் கப்பல்ல இஞ்சின் ரூம் பிட்டர் நான். ஆயுசுல பாதிய எண்ணெய்க்குள்ளயும் சூட்டுக்குள்ளயும் கழிச்சவன். கரையில எறங்குனா மத்தவம்லாம் சென்ட் பாட்டிலும் டேப் ரிக்கார்டரும் வாங்குவான், இல்ல வேற எங்கயாம் போவான். நான் பழைய சாமான் விக்கிற சந்தை எங்க இருக்குன்னு தேடிப் போவேன். பழைய கத்தி. அதுலயும் அமெரிக்காக்காரன் சண்டைக்குன்னே செஞ்ச கத்தி. காய் நறுக்குறது, மீன் அறுக்குறது, வேட்டைக்குப் போறது, அதெல்லாம் எனக்கு ஆகாது. மனுசன் மனுசன எதுத்து நிக்கும்போது கையில புடிக்கிறதுக்குன்னு செஞ்சது மட்டும்.

ஏன் அமெரிக்காக்காரன்னு கேட்டா, அவன் எல்லாத்துலயும் முத்திரை அடிச்சிருப்பான் தம்பி. எந்தப் பட்டறை, எந்தப் படை, சிலதுல வருஷம் கூட இருக்கும். முதல் உலகச் சண்டைக் கத்தி ஒண்ணு வச்சிருக்கேன், பித்தளைப் பிடி, நாலு விரலையும் மாட்டிக் குத்துற மாதிரி. கப்பல்படைக்காரன் கத்தி ரெண்டு இருக்கு, தோல் வளையத்த ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிச் செஞ்ச பிடி. அதுக்கெல்லாம் முந்துன காலத்துது ஒண்ணு, சூதாட்டக்காரன் கோட்டுக்குள்ள மறைச்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்சது, நுனி மட்டும் கொக்கு மூக்கு மாதிரி வளைஞ்சிருக்கும். கத்திய ஒழுங்காப் பாக்கத் தெரிஞ்சவன்கிட்ட அது எல்லாத்தையும் சொல்லிரும். எத்தனை கை மாறுச்சு, எவன் ஒழுங்கா வச்சிருந்தான், எவன் பொய்ப்பிடி மாட்டுனான். கத்தி பொய் சொல்லாது. விக்க வாறவன்தான் சொல்லுவான்.

அதனால மதிப்புப் போட ஆளுக வரும். கொச்சியில இருந்து, கொழும்புல இருந்து, பம்பாய்ல இருந்து. ஒருக்கா ரிட்டையர் ஆன கப்பல்படை ஆபீசர் ஒருத்தர் வந்தாரு. அவரு தாத்தா பர்மா சண்டையில அமெரிக்கா சிப்பாய்கிட்ட வாங்குன கத்தியாம். வெல்வெட் துணியில சுத்தி, புள்ளையத் தூக்கிட்டு வாற மாதிரி கொண்டாந்தாரு. நான் மோந்து பாத்தேன். புளித்தண்ணியில ஊறப்போட்டுக் கறுப்பாக்கி இருக்கான் எவனோ. சொன்னேன். மனுசன் முகம் செத்துப் போச்சு. "எங்க தாத்தா பொய் சொன்னாருங்கிறீங்களா"ன்னு கேட்டாரு. "உங்க தாத்தாவ எனக்குத் தெரியாது சார், கத்தியத் தெரியும்"னேன். எம் பொஞ்சாதி பிலோமி காப்பி கொண்டாந்தவ என்னைய மொறைச்சுக்கிட்டே உள்ள போனா. அவரு போனப் பொறவு, "ஒரு வார்த்தை அனுசரிச்சுச் சொன்னா என்ன"ன்னா. என்னத்த அனுசரிக்க. இன்னைக்கு ஒண்ணு அனுசரிச்சா நாளைக்கு நான் சொல்லுதத எவன் நம்புவான்?

இதுல பெரிய சட்டம் ஒண்ணு இருக்கு தம்பி. பழைய கத்தியில கல்லு படக் கூடாது. சாணை பிடிக்கக் கூடாது, பளபளன்னு தேய்க்கக் கூடாது, துருவக் கூடச் சுரண்டக் கூடாது. செஞ்சவன் போட்ட விளிம்பு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். ஒரு தடவை கல்லுல தேச்சிட்டா முடிஞ்சுது, அது வெறும் கத்தி. இன்னொண்ணு, தோல் உறையில போட்டு வைக்கக் கூடாது, தோல்ல இருக்கிற உப்பு இரும்பத் தின்னுரும். எண்ணெய் தொட்ட துணியில சுத்தி வைக்கணும். எங்க ஊருல கடக்காத்து வேற. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா எனக்கு அதுதான் வேலை.

சரி, சொல்ல வந்தத விட்டுட்டு எங்கயோ போறேன். இந்தப் பஸ்ஸுல மதுரைக்கு எதுக்குப் போறேன்னு கேட்டியளா இல்லையா? கேக்கல. இருந்தாலும் சொல்லுதேன். எம் மவ மதுரை ஜெயில்ல இருக்கா. ஆயுள் தண்டனை. அதுக்கு அப்பீல் போட்டிருக்கு. வக்கீலம்மா தமயந்தி வரச் சொல்லிருக்காவ. எனக்குப் போகவே இஷ்டமில்ல. ஆனா மாட்டேன்னு சொல்லுததையும் நேர்ல போயிச் சொல்லணும்லா, போன்ல சொன்னா மரியாதையா இருக்காது.

ஏன் தம்பி தள்ளி உக்காருதிய? எம் மவதான் கொலை செஞ்சா, நானில்ல.

அவ பேரு எமில்டா. ஒரே பிள்ள. கட்டிக்குடுத்தது ஜூடுன்னு ஒரு பையனுக்கு, துறைமுகத்துல கிளியரிங் ஆபீஸ்ல வேலை. நல்ல குடும்பம். கோயில்ல பாட்டுக்குழுவுல பாடுவான், அவன் பாடுனா பொம்பளையளுக்குக் கண்ணு கலங்கும். எனக்கு அவனப் புடிச்சதே வேற காரணத்துக்கு. எங்க வீட்டுக்கு வந்தவம்லாம், "மாமா, இதுல எதுக்கு ரத்தம் பட்டிருக்கு"ன்னு கிறுக்குத்தனமாக் கேப்பான். ஜூடு அப்படிக் கேக்க மாட்டான். ஒரு கத்தியக் கையில குடுத்தா, பிடியப் பாப்பான், முத்திரையப் பாப்பான், வெளிச்சத்துல சாச்சுப் பாப்பான். தூக்கிப் பாத்து எடை சொல்லுவான். ரசிக்கத் தெரிஞ்சவன். மாப்பிள்ளைன்னா அவந்தான்னு எல்லார்ட்டயும் சொல்லித் திரிஞ்சேன்.

கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகல, பொட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கா. "அடிக்காருப்பா"ன்னா. ஏட்டி, எந்த வீட்டுல அடி இல்ல, எந்த வீட்டுல சண்டை இல்ல? பங்குச்சாமிய வச்சு, அவன் வீட்டாளையும் வரச் சொல்லிப் பேசினோம். அவன் தலையக் குனிஞ்சு, "இனிமே இல்ல மாமா"ன்னு எங் கையப் புடிச்சுச் சொன்னான். கூட்டி அனுப்புனேன். பொறவும் வந்தா. பொறவும் அனுப்புனேன். பிலோமி, "கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டுங்க, கொஞ்ச நாளைக்கு"ன்னு எம் பின்னாலயே நடந்தா. எத்தன நாளைக்கு வச்சுக்கிட முடியும், நீங்களே சொல்லுங்க. நாளைக்குத் தெருவுல நாலு பேரு என்ன சொல்லுவான்? நானே ஆட்டோ புடிச்சுக் கொண்டு விட்டேன். வாசல்ல அவன் சிரிச்ச முகமாத்தான் நின்னான், உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க மாமான்னான்.

அந்த வருஷம் மாதா திருவிழாவுக்கு ரெண்டு பேரும் வந்திருந்தாவ. சப்பரம் பாக்க எல்லாரும் போயிட்டாவ, நான் மட்டும் வீட்டுல எண்ணெய் போட்டுட்டு இருந்தேன். எமில்டா வந்து பக்கத்துல உக்காந்தா. பொறந்ததுல இருந்து கத்தி இருக்க பக்கமே வராத பிள்ள தம்பி. கத்தி வாசம் குமட்டுதுன்னு சொல்லுவா. அன்னைக்குப் பக்கத்துல உக்காந்து, "அப்பா, இது என்னது, இது என்னது"ன்னு ஒவ்வொண்ணாக் கேக்கா. எனக்கு வாயெல்லாம் பல்லு. இத்தன காலத்துக்குப் பொறவு நம்ம ரத்தம் நம்ம பக்கம் வந்துட்டுதேன்னு சந்தோசம். ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனேன்.

அதுல எம்-த்ரீ ஒண்ணு. ட்ரெஞ்ச் நைப்னு சொல்லுவாவ. ரெண்டாவது உலகச் சண்டையில பதுங்குகுழியில கெடக்க சிப்பாய்க்குக் குடுத்தது. ஒடுங்குன அலகு, தோல் வளையப் பிடி, பெருவிரல் வைக்கிறதுக்குக் குறுக்குத் தகட்டக் கொஞ்சம் வளைச்சு விட்டிருப்பான். அலகுலயே முத்திரையும் வருஷமும் இருக்கும், அப்படி இருக்கிறது ஆரம்பத்துல செஞ்சது, கொஞ்சந்தான் கெடைக்கும். அத அமெரிக்காவுல நார்போக் துறைமுகத்துல எறங்குனப்ப ஒரு பொம்பளை வீட்டு வாசல்ல பழைய கரண்டியோட கரண்டியாப் பொட்டியில போட்டு விக்க வச்சிருந்தா. புருசன் செத்துப் போனவ. என்னமோ சொல்ல வந்தா, என் வீட்டுக்காரரு இத வச்சுக்கிட்டுன்னு ஆரம்பிச்சா. நான் முத்திரையப் பாத்துட்டு இருந்தேன், அவ என்ன சொன்னான்னு காதுல விழல.

"இது எனக்குத் தாங்கப்பா"ன்னா எமில்டா. "வீட்டுல கண்ணாடி அலமாரியில வைக்கேன்."

அள்ளிக் குடுத்தேன்னு வச்சுக்கிடுங்க. எண்ணெய்த் துணியில சுத்திக் குடுத்து, தோல் உறையில போடாத, தண்ணி படக் கூடாது, வாரம் ஒரு தரம் எண்ணெய் தொடைன்னு பாடம் நடத்துனேன். எல்லாத்துக்கும் தலையாட்டுனா. பொறவு, "இது இப்ப வெட்டுமாப்பா"ன்னு கேட்டா.

"தக்காளி கூட வெட்டாது"ன்னு சிரிச்சேன். "செஞ்சவன் போட்ட விளிம்பு, வருஷம் ஆகி மழுங்கிருச்சு. கல்லுல தேச்சா வெட்டும். ஆனா தேச்சியோ, உன்னைய வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன் பாத்துக்க."

அவளும் சிரிச்சா. அந்தத் திருவிழா மாதிரி ஒரு திருவிழா எனக்கு வந்ததே இல்ல தம்பி.

பொறவு அந்தச் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டுக்கு வந்திருக்கான். என்ன நடந்துச்சோ. குழம்பு ஆறிப்போச்சுன்னு ஆரம்பிச்சதுன்னு பக்கத்து வீட்டுக்காரி போலீஸ்ல சொன்னா, சத்தம் கேட்டிருக்கு. ஒரே குத்து. விலா எலும்புக்குக் கீழ. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில முடிஞ்சுது. எனக்குப் போன் வந்து நானும் பிலோமியும் ஓடுனோம். அவ அடுக்களையில சுவத்துல சாஞ்சு நிக்கா, வாய் ஒரு பக்கம் கிழிஞ்சு. கத்திய என்ன செஞ்சிருக்கா தெரியுமா? குழாயில கழுவி, ஈரத்தோட பாத்திரக் கூடையில கவுத்து வச்சிருக்கா. தண்ணி படக் கூடாதுன்னு அம்புட்டுச் சொன்னேன். போலீஸ்காரன் வாறதுக்குள்ள நான் வேட்டியால தொடைக்கப் போனேன், பிலோமி எங் கையத் தட்டி விட்டா.

போலீஸ்காரங்க செஞ்ச கூத்த என்னன்னு சொல்ல. அந்த ஈரக் கத்திய அப்படியே பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டுச் சீல் வச்சிட்டாங்க. கவருக்குள்ள வேர்த்து நிக்கி தம்பி, என் கண்ணு முன்னால. "சார், துணியில சுத்துங்க, துரு புடிச்சிரும்"னு கெஞ்சுனேன். அந்த இன்ஸ்பெக்டர் என்னைய ஒரு பார்வை பாத்தாரு. என்னமோ நான்தான் குத்துனவன் மாதிரி.

கேசு நடந்துச்சு. வக்கீலம்மா தமயந்தி நல்ல கெட்டிக்காரி. அவிய சொன்னது இதுதான்: "அவ கையில அந்த நேரத்துல எது கெடச்சுதோ அத எடுத்துத் தன்னையக் காப்பாத்திக்கிட்டா, இப்படித்தான் நான் கொண்டு போறேன். அப்படி ஜட்ஜ் ஏத்துக்கிட்டா உங்க மவ வெளிய வந்துருவா, இல்லாட்டியும் கொஞ்ச வருஷந்தான். ஆனா கத்தியத் தீட்டி வச்சிருந்தான்னு வந்துட்டா திட்டம் போட்டுச் செஞ்சதாயிரும். கத்தி உங்களதுன்னு அடையாளம் காட்ட உங்களக் கூப்புடுவாங்க. உங்களதுதான்னு சொல்லுங்க. தீட்டுனது பத்திக் கேட்டா, ஞாபகமில்லன்னு சொல்லுங்க. அம்புட்டுதான்."

பிலோமி அதுக்கு மேல போனா. நான் சாட்சி சொல்லப் போறதுக்கு மொத நாளு சாய்ங்காலம் செபமாலைய எங் கையில வச்சு அமுக்கி, "நான்தான் தீட்டுனேன்னு சொல்லிருங்க. உங்க கத்திதான, உங்க மவதான"ன்னு கால்ல விழப் போயிட்டா. நான் எழுப்பி விட்டேன். எனக்கு அழுகை வந்துட்டு, இல்லன்னு சொல்லல. மவளத் தூக்கிக் குழிக்குள்ள போடணும்னா நான் போனேன்? அப்படி நெனைக்காதிய.

கூண்டுல ஏறுனேன். அரசு வக்கீல் கத்தியக் கையில குடுத்தாரு. எத்தன மாசத்துக்குப் பொறவு கையில வாங்குதேன். நான் பயந்த மாதிரியே ஆகிப்போச்சு, அலகு பூரா துரு பூத்துக் கெடக்கு, குறுக்குத் தகட்டுல நூலக் கட்டி அட்டை தொங்குது. "இது உங்களதா?" "என்னதுதான்." "நீங்க உங்க மகளுக்குக் குடுத்தப்ப இது இந்த மாதிரித் தீட்டி இருந்துச்சா?"

நான் அந்த நேரம் ஞாபகமில்லன்னுதான் சொல்ல வாயெடுத்தேன். சத்தியமா. ஆனா கண்ணு விளிம்புல போயி நின்னுட்டு. "ஐயா, சன்னல் பக்கம் கொண்டு போயிப் பாக்கலாமா"ன்னு ஜட்ஜக் கேட்டேன். பாருங்கன்னாரு. சட்டைப்பையில லென்ஸ் எப்பவும் இருக்கும். போலீஸ்காரன் ஒருத்தன் பக்கத்துல நிக்க, வெயில்ல சாச்சுப் பாத்தேன். கோர்ட்டுல அம்புட்டுப் பேரும் என் பக்கம் எக்கிப் பாத்தாவ. கப்பல்லயும் சரி, வீட்டுலயும் சரி, நான் பேசுதத அப்படிக் கவனமா யாரும் கேட்டதில்ல தம்பி.

சொன்னேன். "நான் குடுத்தப்ப இதுல கல்லு படல. இது வீட்டுல தேச்சது. சாணைக்காரன் வேலை இல்ல, அம்மியில தேச்சது, கோடெல்லாம் தாறுமாறாப் போவுது. ஒரே நாளுல தேச்சதும் இல்ல. அடியில இருக்க கீறலுக்குள்ள துரு ஏறியிருக்கு, கறுத்திருக்கு, அது பழசு. அதுக்கு மேல போன கீறல்ல வெறும் மேல் துருதான், அது பிந்தி. நடுவுல வாரக்கணக்குல ஆகியிருக்கணும். தேச்சு, வச்சு, எடுத்து, மறுபடி தேச்சிருக்காவ."

இதுல பாதி அவிய யாரும் கேக்கவே இல்ல. அரசு வக்கீல் வாயப் பொளந்துட்டு நிக்காரு.

ஜட்ஜ் நல்ல மனுசன். கண்ணாடியக் கழத்தி வச்சிட்டு, "கொரேரா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்களே எப்பவாவது தேச்சிருக்கலாம், வயசாச்சு, மறந்திருக்கலாம் இல்லையா"ன்னு மெதுவாக் கேட்டாரு. எனக்குப் புரியாம இல்ல. எமில்டா அந்தப் பக்கம் கம்பியப் புடிச்சிட்டு நிக்கா. எம் மூஞ்சியப் பாக்கல, எங் கையில இருக்க கத்தியப் பாத்துட்டு நிக்கா. பிலோமி பெஞ்சுல எந்திரிச்சு நின்னுட்டா.

"இல்ல ஐயா"ன்னேன். "நான் தேச்சா இப்படித் தேய்க்க மாட்டேன். இது தெரியாதவங்க வேலை."

வக்கீலம்மா பேனாவ மூடி வச்சிட்டாவ.

இதுல ஒண்ணு இருக்கு தம்பி, வேற யார்ட்டயும் சொன்னதில்ல. அந்தக் கத்தி வெட்டுறதுக்கு இல்ல, குத்துறதுக்கு. குத்துக்கு விளிம்பு வேண்டாம், முனைதான் வேணும். முனை பட்டறையில இருந்து வரும்போதே ஊசி. அவ அம்மியில தேச்சாலும் தேய்க்காட்டியும் அந்தக் குத்து அப்படித்தான் எறங்கியிருக்கும். அவளுக்கு அது தெரியாது. கோர்ட்டுக்கும் தெரியாது. நான் ஏன் சொல்லலன்னா, அத யாரும் கேக்கல. கேக்காதத எதுக்குச் சொல்லணும்?

ஆயுள் தண்டனைன்னு வந்துச்சு. தீர்ப்புல என்னையப் பத்தி எழுதியிருக்காரு ஜட்ஜ். பெத்த மகள்னும் பாராம உண்மை சொன்ன சாட்சி, இவர் சொல்ல நம்பாம இருக்க காரணமே இல்லன்னு. தாத்தா கத்தியக் கொண்டாந்த அந்தக் கப்பல்படை ஆபீசர் கூடப் பேப்பர்ல பாத்துட்டுப் போன் போட்டாரு. கடைசியில கத்திய அழிச்சிரச் சொல்லி உத்தரவு. நான் மனுப் போட்டுப் பாத்தேன், நடக்கல. அந்தச் சேதி வந்த அன்னைக்கு வீட்டுல நாற்காலியில உக்காந்து அழுதேன் தம்பி, விக்கி விக்கி. பிலோமி உள்ள இருந்து ஓடியாந்து எந் தலைய வயித்தோட சேத்துப் புடிச்சா. "அழுங்க, அழுது தீத்துருங்க, அவள எப்படியாவது கொண்டாந்துருவோம்"னா. நான், "இல்லட்டி, கத்திய உருக்கிப் போடச் சொல்லிட்டாங்க"ன்னேன்.

கைய எடுத்துட்டா. அன்னையில இருந்து எங்கூடப் பேச்சு இல்ல. சோத்த வைப்பா, தண்ணி வைப்பா, போயிருவா. இன்னைக்கும் அவ மொத பஸ்ஸுக்கே மதுரைக்குப் போயிட்டா, பிள்ளையப் பாக்க. நான் இந்தப் பஸ்ஸு. ஒரே ஊருக்குத்தான் போறோம்.

இப்ப விசயம் என்னன்னா, அப்பீல்ல வக்கீலம்மா வேற வழி புடிச்சிருக்காவ. அவன் தொடர்ந்து அடிச்சு வதைச்சான், அந்தப் பயத்துலதான் அவ கத்தியத் தீட்டி வச்சிருந்தா, அதக் காட்டுனா தண்டனை கொறையும், இத்தன வருஷம் உள்ள இருந்தது போதும்னு விட்டாலும் விட்டுருவாங்கன்னு சொல்லுதாவ. ஆனா அதுக்குச் சாட்சி இல்ல. வாய் கிழிஞ்சது அன்னைக்குச் சண்டையில பட்டதுன்னு எழுதிட்டாங்க. முன்னால வாங்குன அடிக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணு கெடையாது, அவ எங்க ஆஸ்பத்திரிக்குப் போனா. பிலோமி சொன்னா தாய், மவளுக்காகச் சொல்லுதான்னு தள்ளிருவாங்க. "உங்களத்தான் கோர்ட் நம்புது. அடிபட்டிருந்தத என் கண்ணால பாத்தேன்னு நீங்க ஒரு பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாப் போதும், மறுபடி சாட்சி எடுக்க மனுப் போடுவேன்"னு வக்கீலம்மா சொல்லுதாவ. இன்னைக்கு மத்தியானம் முடிவு சொல்லணும்.

நான் பாக்காதத எப்படிப் பாத்தேன்னு சொல்ல முடியும்?

காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்பும்போது பிலோமி வாசல்ல நின்னு பேசுனா. இத்தன நாளுக்குப் பொறவு மொதத் தடவை. "அவ ரெண்டாந்தரம் வந்தப்ப உங்க ரூமுக்குள்ள கூட்டியாந்து முதுகக் காட்டுனேம்லா. இதப் பாத்துட்டு அனுப்புங்கன்னு சொன்னேம்லா. நீங்க பாத்திய"ன்னா. நான் பாக்கல, திரும்பிட்டேன்னேன். "பாத்திய"ன்னு இன்னொரு தரம் சொல்லிட்டு எறங்கிப் போயிட்டா.

நீங்களே சொல்லுங்க தம்பி. கல்யாணம் ஆன பொம்பளப் பிள்ள. அவ அம்மாக்காரி சட்டை ஊக்கக் கழத்தி முதுகத் திருப்பிக் காட்டுதா. அப்பன் எப்படிப் பாப்பான்? நான் மேசையில கத்தியப் பரப்பி எண்ணெய் போட்டுட்டு இருந்தேன். சட்டுன்னு அலமாரிப் பக்கம் திரும்பிட்டேன். "ஏட்டி, மூடு, அறிவு இருக்கா உனக்கு"ன்னு சத்தம் போட்டேன். அம்புட்டுதான். ஊரு ஆயிரம் சொல்லும், இடுப்பு வாரால அடிச்சிருப்பான்னு சொல்லும். வாரா இருந்தா நீளமா, ஓரம் கலங்குன மாதிரிக் கெடக்கும். அது வாரு இல்ல, பக்கிள். சதுரமா ஒரு தடம், நடுவுல ஊசி பட்ட குழி. ஒரே நாளு அடியும் இல்ல. தோளுக்குக் கீழ இருந்தது மஞ்சப் பாஞ்சு போயி மறையப் போற நேரம். நடு முதுகுல ஊதா. இடுப்புக்கிட்ட இருந்தது புதுசு, ஓரத்துல ரத்தம் அப்பத்தான் காஞ்சிருந்தது. எல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சு விழுந்திருக்கு, அடிச்சவன் இடது கைக்காரன். ஜூடு இடது கைதான்.

மாட்டுத்தாவணி வந்துட்டு. பையப் பாத்து எடுங்க, கம்பியில மாட்டியிருக்கு.

என்ன தம்பி அப்படிப் பாக்கிய? அது பாத்ததுல சேராது. அலமாரிக் கதவுல முகம் பாக்குற கண்ணாடி இருக்கு, திரும்பும்போது ஒரு பார்வை பட்டுச்சு, ஒரே ஒரு பார்வை. ஒரு பார்வை பாத்தத வச்சு நான் எந்தப் பொருளுக்கும் இதுவரைக்கும் சான்று குடுத்ததில்ல.